மாசியில் மாமரத்தின் மீது கத்தி வைக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்காலம் முடியும் தறுவாயில் வீட்டுத் தோட்டத்தில் செய்ய வேண்டிய வேலைகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் கடந்த வாரம் வெளியான கட்டுரையை ஒருமுறைக்கு இருமுறை படித்தேன். கொல்லைப்புறத்தில் நான்கு செடி வைத்து வளர்ப்பவர்களை நினைத்து ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றியைத் தெரிவித்துக் கொள்கிறேன். தொட்டிகளை மாற்றுவதையும், மண்ணைக் கிளறி எரு இடுவதையும் பற்றி அதில் சொல்லியிருந்தவை பயனுள்ளவை. ஆனால் பிப்ரவரி முடிவதற்குள் தோட்டத்து மரஞ்செடிகள் அனைத்தையும் கவாத்து செய்துவிட, அதாவது கிளைகளைக் கழித்துவிட வேண்டும் என்ற பொருளில் அதில் இடம்பெற்ற ஒரு வரி, தமிழகத்துச் சமவெளியில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குப் பெரும் இழப்பை உண்டாக்கக் கூடியது. அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

அந்த இழப்பை நான் பட்டு அறிந்தவன். திருமங்கலத்தை ஒட்டிய கரிசல் பூமியில் எங்கள் வீட்டின் பின்புறம் ஒரு மாமரம், ஒரு வேம்பு, ஒரு கொய்யா, இரண்டு முருங்கை, முல்லைக் கொடி, மழைக்குப் பிறகு போடும் அவரைப் பந்தல் என்று ஒரு சிறிய தோட்டம் உண்டு. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு குறிப்பை எங்கோ படித்துவிட்டு, மாசி மாதத்தின் முதல் வாரத்தில் மாமரத்தின் கிளைகளைக் கழிக்க ஆளை அழைத்தேன். அரிவாளோடு வந்த பெரியவர் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஐயா, பூத்த மரத்துல அரிவாளை வைக்க வேண்டாமே, ஆவணி வரட்டும்" என்று தயங்கினார். அச்சில் படித்ததை நம்பிய நான் அவர் சொல்லைக் கேட்கவில்லை. மாலையில் கிளைகளை ஒதுக்கியபோதுதான் என்ன செய்துவிட்டோம் என்பது புரிந்தது. வெட்டி விழுந்த ஒவ்வொரு கிளையின் நுனியிலும் பூங்கொத்து இருந்தது. சில கொத்துகளில் மிளகு அளவுக்குப் பிஞ்சும் பிடித்திருந்தது. அந்தக் கோடையில் எங்கள் வீட்டு மரத்திலிருந்து ஒரு வடு கூட ஊறுகாய்க்குக் கிடைக்கவில்லை. அதோடு முடியவில்லை. நிழல் போன அடிக்கிளையில் பங்குனி, சித்திரை வெயில் நேராக விழுந்து பட்டை வெடித்தது. வெடிப்பின் வழியே தண்டு துளைப்பான் புகுந்து மரத்தூளைத் தள்ளத் தொடங்கியது. அந்தக் கிளையைக் காப்பாற்ற முடியாமல் அடுத்த ஆண்டு முழுவதுமாக எடுக்க நேர்ந்தது. பெரியவர் சொன்னபடி ஆவணி வரை பொறுத்திருந்தால் இவை எதுவும் நடந்திருக்காது.

கட்டுரையில் வந்த அறிவுரை பொய்யானது என்று நான் சொல்லவில்லை. அது வேறு மண்ணுக்கு உரியது என்றுதான் சொல்கிறேன். ஆப்பிள், பேரி போன்ற குளிர்நாட்டு மரங்கள் கடுங்குளிரில் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு உறங்கும். அந்த உறக்கம் கலைந்து மொட்டு வெடிப்பதற்குச் சற்று முன்பாக வெட்டினால் காயம் விரைவில் ஆறி, வெட்டிய இடத்துக்குக் கீழிருந்து வலுவான தளிர் எழும். அங்கே பிப்ரவரியில் கவாத்து செய்வதன் நியாயம் இதுதான். நம் சமவெளியில் மார்கழி, தை மாதங்களின் குளிர்ந்த இரவுகள் மாமரத்தை உறங்க வைப்பதில்லை. முற்றிய கிளைகளின் நுனியில் பூவை எழுப்பி விடுகின்றன. அங்கே மரம் தூங்கி எழுகிற அதே நாள்களில் இங்கே மரம் சூல் கொண்டு நிற்கிறது.

ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்த நம் முன்னோர் மாசியையும் பங்குனியையும் பின்பனி என்றார்கள். பாலைத் திணைக்கு வேனிற் காலத்தை வகுத்த தொல்காப்பியம், அதோடு பின்பனியும் அதற்கு உரியது என்று சொல்கிறது. பனிக் காலத்தை வறட்சியின் நிலத்துக்கு ஏன் உரிமையாக்க வேண்டும் என்று மாணவப் பருவத்தில் எனக்கு விளங்கியதே இல்லை. தோட்டம் வைத்த பிறகுதான் விளங்கியது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அப்படி விடியலில் இலையெல்லாம் நனைந்து சொட்டுகிற அதே நாளில், பகல் இரண்டு மணிக்கு மதுரைப் பக்கம் வெயில் 32, 33 டிகிரி செல்சியஸை எட்டிவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு விடைபெற்றுக் கொள்ள, அதன் பிறகு கோடை மழை வரும்வரை மண்ணில் இருக்கும் ஈரம்தான் கையிருப்பு. எனவே பின்பனிக் காலத் தோட்ட வேலை என்பது நம் ஊரைப் பொறுத்தவரை, பூவைக் காப்பதும் ஈரத்தைக் காப்பதும் ஆகும். வெட்டுவது அதில் ஒரு சிறு பங்குதான்; அதுவும் எல்லா மரத்துக்கும் பொருந்தாது.

மாமரத்துக்கு இப்போது செய்ய வேண்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தினமும் காலையில் ஒருமுறை மரத்தடியில் நின்று பூங்கொத்துகளைப் பார்க்க வேண்டும். மரத்தடியில் நடக்கும்போது எள் போன்ற சிறு பூச்சிகள் படபடவென்று எழுந்து முகத்தில் மோதினால் தத்துப்பூச்சி வந்துவிட்டது என்று பொருள். அது பூங்காம்பின் சாற்றை உறிஞ்சிவிட்டுத் தேன் போன்ற கழிவை விடும். கீழ் இலைகள் பிசுபிசுக்கும். பின்னர் அவற்றின் மேல் கரும்பூசணம் படியும். பூங்கொத்தின் மீது திருநீறு பூசியது போல வெண்மை படர்ந்தால் அது சாம்பல் நோய். இரவுக் குளிரும் பகல் வெப்பமும் மாறி மாறி வரும் இந்த நாள்களில்தான் அது வேகமாகப் பரவும். பூ விரிவதற்கு முன்பே கண்டுகொண்டால், தத்துப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்தும், சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகத் தூள் 2 கிராமைக் கரைத்தும் தெளிக்கலாம். இரண்டையும் ஒரே நாளில் தெளிக்கக் கூடாது. வெயில் தாழ்ந்த பிறகே தெளிக்க வேண்டும். வெயிலில் கந்தகம் இலையைக் கருக்கிவிடும். பூ முழுவதும் விரிந்துவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதே நல்லது. மாம்பூவில் மகரந்தச் சேர்க்கையைச் செய்பவை ஈக்களும் தேனீக்களும்தான். அந்த நேரத்தில் தெளிக்கும் மருந்து முதலில் அவற்றைத்தான் கொல்லும்.

தண்ணீர் விஷயத்திலும் ஒரு கட்டுப்பாடு தேவை. பூத்திருக்கும் மரத்துக்கு இரக்கப்பட்டு இப்போது வாளி வாளியாக ஊற்றினால் மரம் பூவை விட்டுவிட்டுத் தளிரில் நாட்டம் கொள்ளும். பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்த பிறகு தண்ணீரைத் தொடங்கி, அதன் பிறகு விட்டு விடாமல் கொடுத்து வந்தால் பிஞ்சு உதிர்வது குறையும். காய்ந்த கிளை, குறுக்கே வளர்ந்து ஒன்றோடொன்று உராயும் கிளை ஆகியவற்றை அறுவடை முடிந்து, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் எடுத்துவிட்டு, வெட்டுவாயில் சுண்ணாம்பும் மயில்துத்தமும் சேர்ந்த போர்டோ பசையைப் பூசினால் போதும். அதையும் ஆண்டுதோறும் செய்ய வேண்டியதில்லை. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை போதுமானது.

அப்படியென்றால் மாசியில் வெட்டவே கூடாதா என்றால், கொய்யாவை வெட்டலாம், வெட்டவும் வேண்டும். கொய்யா புதிதாக எழும் தளிரில்தான் பூக்கும். ஆகவே சென்ற பருவத்தில் வளர்ந்த நுனிகளை 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை இப்போது கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகி அடுத்த காய்ப்புக்கு வழி பிறக்கும். பத்தடி தூரத்தில் நிற்கும் இரண்டு மரங்களில் ஒன்றுக்கு நல்லதாக இருப்பது மற்றொன்றுக்குக் கேடாக முடிகிறது என்பதைக் கட்டுரை ஆசிரியர் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பூக்கொடிகளிலும் இதே வேறுபாடு உண்டு. கார்த்திகையில் குண்டுமல்லி, மார்கழியில் பிச்சி, தை நடுவில் முல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டு வெட்டுவது எங்கள் பக்கத்துப் பூக்காரர்களின் வழக்கம். குண்டுமல்லியைக் கார்த்திகையில் வெட்டி, இலைகளை உருவி, தூருக்குப் பத்துக் கிலோ தொழுவுரம் போட்டவர்களின் செடியில் இப்போது துளிர் நீண்டு அரும்பு கட்டத் தொடங்கியிருக்கும். அவர்கள் இந்த அறிவுரையைப் படித்துவிட்டு மறுபடியும் கத்தரியை எடுத்தால் பங்குனிப் பூ அத்தனையும் போய்விடும். முல்லையை இன்னும் வெட்டாதவர்கள் மட்டும் தாமதிக்காமல் வெட்டிவிடலாம். முருங்கையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இப்போது பூவும் பிஞ்சுமாக நிற்கும் அதைக் காய் ஓய்ந்த பிறகு இடுப்பளவுக்குக் குறைத்துக் கொள்ளலாம்.

இனி, கட்டுரையில் ஒரு சொல் கூட இடம்பெறாத, ஆனால் இந்தப் பருவத்தின் தலையாய வேலை என்று நான் கருதும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். அது சருகு. நாட்டு வாதுமை இலைகள் சிவந்து உதிர்ந்துவிட்டன. அடுத்து வேம்பு உதிர்க்கத் தொடங்கும். அதன் பின்னால் புங்கை. மாசி, பங்குனியில் எங்கள் தெருவில் காலை ஐந்தரை மணிக்கெல்லாம் வாசல் கூட்டும் ஓசை கேட்கும். ஆறு மணிக்குள் சருகுக் குவியல்களில் நெருப்பு வைக்கப்பட்டுவிடும். பனி இறங்கி நிற்கும் நேரத்தில் புகை மேலே எழாமல் மாடி உயரத்திலேயே தெரு முழுவதும் தேங்கி நிற்கும். எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு ஆஸ்துமா. இந்த இரண்டு மாதமும் அவர்கள் வீட்டு ஜன்னலைத் திறப்பதே இல்லை. பொது இடத்தில் குப்பையை எரிக்கக் கூடாது என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது. சட்டம் சொல்வது ஒருபுறம் இருக்கட்டும். எரிப்பவர்கள் எதை எரிக்கிறோம் என்பதை அறிந்தால் தாங்களாகவே நிறுத்திவிடுவார்கள் என்பது என் நம்பிக்கை.

கரிசல் மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. ஈரத்தில் உப்பி, காயும்போது சுருங்கும். மாசியின் தொடக்கத்தில் பென்சிலால் கோடு இழுத்தது போல ஒரு வெடிப்பு தெரியும். பங்குனி பிறக்கும்போது அதில் விரல் நுழையும். சித்திரையில் கையே நுழையும். வெடிப்பு விரியும்போது அதன் குறுக்கே ஓடும் மெல்லிய வேர்கள் அறுபடுகின்றன. அடிமண்ணில் சேர்ந்திருக்கும் ஈரம் அந்தப் பிளவின் வழியே ஆவியாகிப் போகிறது. கோடையில் தண்ணீர் ஊற்றியும் செடி வாடுகிறதே என்று பலர் வருந்துவதற்கு, ஊற்றிய தண்ணீர் வேரைத் தொடாமல் வெடிப்பு வழியாக ஆழத்துக்கு ஓடிவிடுவதும் ஒரு காரணம். இதைத் தடுக்க, வெடிப்பு கோடாக இருக்கும்போதே களைக்கொத்தால் மேல்மண்ணை இரண்டு அங்குலம் கொத்திப் பொடியாக்கி, பிளவுகளை மூடி, அதன் மேல் சருகை ஒரு சாண் கனத்துக்குப் பரப்பிவிட வேண்டும். இதைத்தான் மூடாக்கு என்கிறோம். சருகு அமுங்கி அமுங்கி நான்கு விரல் கனத்துக்கு வந்து நிற்கும். தூரை ஒட்டி மட்டும் போடக் கூடாது. ஒரு சாண் இடைவெளி விட்டால்தான் கறையானும் தூரழுகலும் வராமல் இருக்கும்.

ஐந்து ஆண்டுகளாக எங்கள் வீட்டு வேம்பின் சருகு மட்டுமல்லாமல் பக்கத்து இரண்டு வீடுகளின் சருகையும் சாக்கில் வாங்கி வந்து போட்டு வருகிறேன். நேற்றுப் பகல் மூன்று மணிக்கு, மூடாக்கு போட்ட கொய்யாவின் அடியில் சருகை விலக்கி விரலை விட்டுப் பார்த்தேன். இரண்டாம் கணு வரை தடையில்லாமல் இறங்கியது, மண் குளிர்ந்திருந்தது, மண்புழு விட்டுச் சென்ற உருண்டைகள் விரலில் ஒட்டின. நான்கடி தள்ளி, வெறும் தரையாகக் கிடந்த இடத்தில் நகம் கூட இறங்கவில்லை. இரண்டு இடத்துக்கும் கடைசியாகத் தண்ணீர் விட்டது ஒரே நாளில்தான்.

அவரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது விதை எடுக்கும் மாதம். பகல் நீளத் தொடங்கியதும் நாட்டு அவரை பூப்பதைக் குறைத்துக் கொள்ளும். கொடியை ஒட்டுமொத்தமாகப் பிடுங்கிப் போடுவதற்கு முன், நன்றாகக் காய்த்த கொடிகளில் நடுப்பறிப்பில் வந்த நெற்றுகளைக் குறித்து வைத்து, கொடியிலேயே காய விட்டு, உடைத்து, பனி இறங்காத இடத்தில் நிழலில் உலர்த்தி, சாம்பல் புரட்டி மண்கலயத்தில் வைத்தால் அடுத்த ஆடிக்கு விதைக்காகக் கடை தேட வேண்டியதில்லை. பந்தலைப் பிரிக்கும்போது கொடியை வேரோடு பிடுங்காமல் தரை மட்டத்தில் அறுத்துவிடுங்கள். அவரை வேரில் கடுகு அளவிலும் மிளகு அளவிலும் முடிச்சுகள் இருக்கும். காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை) எடுத்துச் சேர்த்து வைப்பவை அந்த முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள். பூக்கும் பருவத்தில் ஒன்றைக் கிள்ளிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்த வேரை மண்ணிலேயே விட்டுவிட்டால் அடுத்து அதே இடத்தில் வைக்கும் கீரைக்கும் வெண்டைக்கும் அது உணவாகும்.

விதைப்பைப் பொறுத்தவரை, சுரை, பீர்க்கு, பாகல், புடல், வெள்ளரி ஆகியவற்றைத் தைப்பட்டத்தில் போடுவதே முறை. தவறவிட்டவர்கள் இந்த வாரத்துக்குள் போட்டுவிட வேண்டும். ஓரடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்து, மக்கிய எருவையும் மேல்மண்ணையும் கலந்து நிரப்பி, குழிக்கு ஐந்து விதை ஊன்றி, பதினைந்து நாள் கழித்து வலுவான இரண்டை மட்டும் விட்டுவிடலாம். பாகல் விதையின் தோல் கெட்டியானது என்பதால் ஓர் இரவு ஊறவைப்பது நல்லது. இதில் காலம் தவறக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. பூசணிக் குடும்பத்துக் கொடிகளில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே பூக்கும். வெயில் ஏறி, பகலும் நீண்டால் ஆண் பூக்கள்தான் மிகும். தாமதமாகப் போட்ட கொடி பந்தல் நிறையப் படர்ந்து பூத்தும் காயே இல்லாமல் நிற்பதைப் பலர் கண்டிருப்பார்கள்.

இவையெல்லாம் மதுரை வட்டாரத்துக் கரிசலில் நான் கண்டவை. செம்மண்ணில் வெடிப்புத் தொல்லை இல்லை. ஆனால் ஈரம் அதைவிட வேகமாக வடிந்துவிடும். காவிரி டெல்டாவில் தாளடி நெல் அறுவடை முடிந்த வயல்களில் உளுந்தும் பயறும் வளரும் பருவம் இது. வீட்டுத் தோட்டத்துக்கு மூடாக்காக அங்கே வைக்கோலுக்குக் குறைவிருக்காது. உதகையிலும் கொடைக்கானலிலும் உறைபனி விழும். பேரியும் பிளம்ஸும் அங்கே இலையின்றி உறங்கும் மரங்கள்தான். கட்டுரையில் கண்ட அறிவுரை அந்த மலைகளில் ஓரளவு பொருந்தும். அங்கேயும் மார்கழி, தையிலேயே கவாத்தை முடித்துக் கொள்வார்கள். ஒரே மாநிலத்துக்குள் இத்தனை வேறுபாடு இருக்கும்போது, எங்கோ பனி உறைந்து கிடக்கும் நாட்டின் நாட்காட்டியை அப்படியே மொழிமாற்றித் தருவது வாசகர்களுக்கு உதவாது. மதுரையில் 1965 முதல் வேளாண்மைக் கல்லூரி இயங்கி வருகிறது. பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. பெரும்பாலான மாவட்டங்களில் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. அங்குள்ளவர்களிடம் கேட்டு, மாதப் பிறப்பு தோறும், மண்வாரியாக அரைப் பக்கம் தோட்டக் குறிப்பு வெளியிட்டால், தங்கள் நாளிதழின் அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைப்பவர்கள் பல்லாயிரம் பேர் இருப்பார்கள். என்னைப் போன்ற வாசகர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்பவும் ஆயத்தமாக இருக்கிறோம்.

அது ஏற்பாடாவதற்குச் சில காலம் ஆகலாம் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் மாமரக் கவாத்து குறித்த அந்த ஒரு வரிக்கான திருத்தத்தை வரும் ஞாயிறு வரை காத்திராமல் நாளைய இதழிலேயே வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக் கொள்கிறேன். எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டார் இந்த வாரக் கடைசியில் மரம் கழிக்க ஆள் சொல்லியிருக்கிறார்கள். என் மரத்தின் கதையைச் சொன்னேன். ஒருவர் கேட்டுக் கொண்டார், மற்றவர் பேப்பரிலேயே போட்டிருக்கிறார்களே என்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.